வருக, மங்காசி நைங்கோலான்

பாலிபி, சமோசிர் தீவு
28 ஜூலை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

ஹோராஸ். நானும் உங்கள் தங்கை தியுர்மாவும் குழந்தையும் நலம். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நீங்கள் கொண்டுவந்த மீனைப் பற்றியும், எங்கள் இருவர் தோளிலும் போர்த்திய உலோஸ் துணியைப் பற்றியும் ஊர் இன்னும் பேசுகிறது. பெண் கொடுத்த வீட்டின் ஆசீர்வாதம் ஏரித் தண்ணீர் மாதிரி, வற்றாது என்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. போகிற போக்கில் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன இன்னொரு ஆசீர்வாதத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டதும் என் வாயிலிருந்து "சரி மச்சான்" என்பதைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. பெண் எடுத்தவனுக்கு வாய்த்த நாக்கு அவ்வளவுதான். காகிதம் முகத்தைப் பார்க்காது. ஆகவே எழுதுகிறேன்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு என் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இன்னுமா இந்தப் பழைய சிஸ்டத்த வச்சிருக்கீங்க மாப்பிள்ளை? இத மியூசியத்துல வைக்கணும்" என்றீர்கள். நான் சிரித்தேன். அது சம்மதமில்லை மச்சான். நீங்கள் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வழக்கமில்லை, அதனால் சிரித்தேன். மாலைப் படகு வருவதற்குள் பழையதைத் துடைத்து எடுத்துவிட்டு, புதிய சிஸ்டத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள்.

அன்றிலிருந்து நான் படும் பாடு என் பகைவனுக்கும் வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் "வருக, மங்காசி நைங்கோலான்" என்கிறது. கணக்கை உங்கள் பெயரில் போட்டிருக்கிறீர்கள் போலும். மச்சானின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதுவோ தினமும் என் முகத்தைப் பார்த்துப் பெரிய எழுத்தில் சொல்கிறது. அடுத்து பாஸ்வேர்ட். நீங்கள் வைத்திருப்பது பன்றிக்கறிக் குழம்பின் பெயர், முதல் எழுத்து பெரிதாக, பின்னால் எண்கள், கடைசியில் ஒரு நட்சத்திரம். பெண் எடுத்தவன் பெண் கொடுத்தவருக்குப் பன்றிக்கறி படைக்க வேண்டியதுதான். ஆனால் தினமும் விடிகாலையில் வெறும் வயிற்றோடு விரலால் அடித்துப் படைக்க வேண்டுமா?

இடது மூலையில் இருந்த பொத்தான் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. எதைத் தொட்டாலும் "நிச்சயமாகவா?" என்று கேட்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பிரிண்டரை, அப்படி ஒரு பிரிண்டரே இல்லை என்று சாதிக்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். என் பாட்டை மட்டும் பொறுக்க முடியவில்லை. நம் சபையின் பொன்விழா அக்டோபரில். அடுத்தவர் எழுதிய பாட்டுகளைப் பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த எனக்கு, முதல் முறையாக என் சொந்தப் பாட்டைப் பாடவைக்க விழாக்குழு சம்மதித்திருக்கிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறன்று கேட்பார்கள். பிடிக்கவில்லை என்றால் பழைய கீர்த்தனைதான். அந்தப் பாட்டு முழுக்க இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. திறந்தால் சுரங்களைக் குறிக்கும் எண்களுக்கு நடுவே கட்டம் கட்டமாக ஏதோ முளைத்திருக்கிறது. ஒரு வரி படிக்க முடியவில்லை.

தயவுசெய்து பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட வழி சொல்லுங்கள்.

பணிவுடன்,
ஜோங்கி சிம்போலோன்


பாத்தாம்
7 ஆகஸ்ட்

மாப்பிள்ளை,

ஹோராஸ்! நம் குடும்பத்தில் கடைசியாகக் கடிதம் எழுதியவர் என் அப்பா. அதுவும் பன்றி காணாமல் போனதைப் பற்றிப் போலீசுக்கு. உங்கள் உறையைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தே போனேன். பிரித்தால் பொத்தான் நடுவில் போய்விட்டதாம்!

புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். ஒரு மாதம் பொறுங்கள். பழைய சிஸ்டம் பூட்டில்லாத வீடு. அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். வைரஸ் வந்தால் உங்கள் பாட்டும் போயிருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மார்க்கும் போயிருக்கும். "நிச்சயமாகவா" என்று கேட்டால் ஆமாம் என்று அழுத்துங்கள். அது உங்கள் நல்லதுக்குத்தான் கேட்கிறது. நம் சபை மூப்பர்கள் அளவுக்கு அது கேட்கவில்லை.

பிரிண்டருக்கு ஒரு சின்ன புரோகிராம் இறக்க வேண்டும். உங்கள் ஊர் சிக்னலில் அது கிறிஸ்துமஸுக்குள் இறங்கிவிடும். அதுவரை கவலை வேண்டாம், பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்கு என் பெயரில் இருப்பதால் நீங்கள் எழுதுவதெல்லாம் தானாகவே இன்டர்நெட்டில் ஏறி இங்கேயும் வந்துவிடுகிறது. நீங்கள் எதையும் அனுப்ப வேண்டாம். கப்பல்பட்டறை ஆபீசில் நல்ல பிரிண்டர் இருக்கிறது. பாடகர் குழுவுக்கு வேண்டிய பிரதிகளை இங்கேயே அடித்து அனுப்பிவிடுகிறேன். நீங்கள் பெட்டிக்குள் கை வைக்காமல் இருந்தால் போதும்.

குழந்தை குப்புற விழுகிறதா? தியுர்மா ஏன் போன் செய்வதில்லை? செய்தாலும் "பணம் வந்துச்சுண்ணே, தேங்க்ஸ்ணே" என்று வைத்துவிடுகிறாள்.

மங்காசி


பாலிபி
18 ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு நன்றி. இதை எழுத உட்கார்ந்தபோது தியுர்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். "எங்கண்ணனுக்கு எழுதறதுக்கு முன்னாடி இதக் குடிங்க" என்றாள். குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பயன் இல்லை.

நேற்று சுதந்திர தின விழா. நிகழ்ச்சி நிரலை அடித்து முடித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிரிண்டருக்குக் கொண்டுபோக பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். திரை நீலமாகிவிட்டது. "அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்" என்றது. பிறகு ஒரு வட்டம் சுற்றியது. செக்குமாடாவது எண்ணெய் தரும் மச்சான். வாசலில் தலைமையாசிரியர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது அப்டேட்டை முதலிலிருந்து ஆரம்பித்தது. கொடியேற்ற வந்த வட்டார அதிகாரி நிரல் இல்லாததால் இரண்டு முறை பேசினார், இரண்டு முறையும் அதே பேச்சு. நான் இந்த மாதத்துக்குப் போட்டு வைத்திருந்த டேட்டா முழுவதையும் அது ஒரே மூச்சில் குடித்துவிட்டது.

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடிகாலையில் பாட்டை யோசித்துக்கொண்டு மெல்ல முனகினேன். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "சொல்லுங்கள், நான் என்ன உதவி செய்யட்டும்?" என்று கேட்டது. அடுப்படியிலிருந்து தியுர்மா கரண்டியோடு வந்தாள். "யாரு அவ?" என்றாள். கம்ப்யூட்டர் என்றேன். "இத்தன வருஷமா பேசாதது இப்ப எதுக்குப் பேசுது?" என்றாள். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் தங்கைக்குத் தனியாக எழுதுங்கள்.

திரையின் ஓரத்தில் தினமும் வானிலை காட்டுகிறது. பாலிபியின் வானிலை அல்ல, பாத்தாமின் வானிலை. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்போது "மழை, குடை எடுத்துச் செல்லுங்கள்" என்கிறது.

எல்லாவற்றையும்விட மனதைச் சுட்டது ஒன்று. என் பாட்டு என் பாடகர்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் பாத்தாம் போய்விட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் "நிச்சயமாகவா" என்று கேட்கிற சிஸ்டம் இதை மட்டும் ஏன் கேட்கவில்லை? நீங்களும் கேட்கவில்லை மச்சான்.

பிரதிகளை அனுப்புவதாகச் சொன்னீர்கள். நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்கிறேன். சீக்கிரம் அனுப்புங்கள். அடுத்த வாரம் முதல் ஆசிரியர் பயிற்சிக்காகப் பங்குருரானில் தங்கப் போகிறேன். திரும்பி வந்ததும் பாட்டுப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

பணிவுடன்,
ஜோங்கி


பாத்தாம்
27 ஆகஸ்ட்

மாப்பிள்ளை,

பிரதிகள் இதோடு வருகின்றன. பார்த்து அசந்துபோவீர்கள். எண்களுக்கு நடுவே முளைத்திருந்த கட்டங்களை எல்லாம் ஒரே சொடுக்கில் துடைத்துவிட்டேன். பக்கம் பளிச்சென்று இருக்கிறது. கெட்டியான காகிதம், அதற்கு மேல் லேமினேட். ஏரிக்காற்றும் தூறலும் ஒன்றும் செய்யாது. பாடகர்கள் காப்பியைக் கொட்டினாலும் துடைத்துக்கொள்ளலாம். பொன்விழாவுக்குப் பெண் கொடுத்த வீட்டின் சார்பாக என் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குரலை அணைக்கும் வழியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தியுர்மாவுக்கு நான் எழுதப் போவதில்லை. எனக்கும் உயிர் முக்கியம்.

ஒரு விஷயம் சொல்லட்டுமா? பாஸ்வேர்டை நீங்கள் தப்பாக அடிக்கும்போதெல்லாம் என் போனில் மணி அடிக்கிறது. "உங்கள் கணக்கில் யாரோ நுழையப் பார்க்கிறார்கள்" என்று எச்சரிக்கை வருகிறது. முதல் தடவை திருடன் என்று நினைத்துப் படுக்கையிலிருந்து குதித்தேன். இப்போது பழகிவிட்டது. மணி அடித்தால் மாப்பிள்ளை எழுந்துவிட்டார், அடுப்பில் காப்பி ஏறியிருக்கும், சேவல் கத்தியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். மூன்று முறை அடித்தால் உங்களுக்குக் கோபம் என்று அர்த்தம். மெஸ்ஸில் என்னோடு இருப்பவர்கள் "என்னய்யா, தினமும் உன் வீட்டுல திருடன் வர்றான், நீ சிரிக்கிற" என்கிறார்கள்.

போன வாரம், நீங்கள் பங்குருரான் கிளம்பும் முன்பே, இரண்டு நாள் மணி அடிக்கவில்லை. உடம்பு சரியில்லையா?

மங்காசி


பாலிபி
14 செப்டம்பர்

மச்சான்,

இந்த முறை நலம் விசாரிக்கவில்லை.

நான் பங்குருரானில் இருந்தபோது பார்சல் வந்திருக்கிறது. அண்ணன் அனுப்பியது என்று தியுர்மா பெருமையோடு கோயிலுக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் கொடுத்து, நான் இல்லாமலே பயிற்சியும் தொடங்கிவிட்டார்கள். படகை விட்டிறங்கி நேரே கோயிலுக்குப் போனேன். வாசலில் நின்று கேட்டேன். என் பாட்டு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நீங்கள் துடைத்தது குப்பையை இல்லை மச்சான். அவை புள்ளிகள். எண்ணுக்கு மேலே புள்ளி வைத்தால் குரல் மேலே ஏற வேண்டும், கீழே வைத்தால் கீழே இறங்க வேண்டும். புது சிஸ்டத்துக்குப் புள்ளியை வரையத் தெரியாமல் கட்டமாகக் காட்டியது. நீங்கள் கட்டத்தைத் துடைத்தீர்கள். இப்போது ஏற வேண்டிய பெண்களும் இறங்க வேண்டிய ஆண்களும் நடுவில் ஒரே இடத்துக்கு வந்து, சந்தைப் படகில் இடம் பிடிப்பவர்கள் மாதிரி இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாலிபி பாடகர் குழுவில் இத்தனை வருடம் பாடியவர் நீங்கள். புள்ளியில்லாமல் ஒரு பாட்டு இருக்குமா என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றவில்லையா?

பென்சிலால் புள்ளி வைக்கலாம் என்றேன். லேமினேட்டில் பென்சில் வழுக்கியது. மார்க்கர் பேனாவால் வைத்தேன். வியர்த்த விரல் பட்டதும் புள்ளிகளெல்லாம் மீசையாகிவிட்டன. இதைக் கீழே போடுங்கள், கையால் எழுதித் தருகிறேன் என்றால், சபை மூப்பர் பெண் கொடுத்த வீட்டிலிருந்து வந்த பொருளைத் தள்ளிவைப்பது நல்லதில்லை என்கிறார். தியுர்மா, "எங்கண்ணன் கண்ணாடி மாதிரி செஞ்சு அனுப்பியிருக்காரு, அதுல போய் குத்தம் சொல்றீங்களே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆண்கள் வரிசையின் தலைவர், ரிஸ்மாவின் அப்பா, எல்லாருக்கும் ஒரு படி மேல். "வாத்தியாரே, பாட்டு இப்பத்தான் நல்லாருக்கு. கீழ எறங்கி மூச்ச விட வேண்டியதில்ல" என்கிறார்.

பெட்டியைத் திறந்து புதிதாக அடிக்கலாம் என்று பார்த்தால், அங்கேயும் கட்டங்களைக் காணோம். பாத்தாமில் நீங்கள் துடைத்தது பாலிபியிலும் அழிந்துவிட்டது. கையெழுத்துப் பிரதியும் என்னிடம் இல்லை. "எதுக்கு நோட்டு, நேரா கம்ப்யூட்டர்லயே அடிங்க மாப்பிள்ளை" என்று போன வருடம் சொன்னது யார் என்று யோசித்துப் பாருங்கள். நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பெண்களின் இரண்டாம் குரல் பாதியில் நழுவுகிறது. விழாக்குழு கேட்க வரும் ஞாயிறு நெருங்கிவிட்டது.

எனக்குக் கோபம் வருகிறது. சிஸ்டத்தின் மேல் இல்லை, உங்கள் மேல். நீங்கள் வந்தீர்கள், ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டுச் சாமானை மாற்றினீர்கள், படகேறிவிட்டீர்கள். எங்கேயோ இருந்துகொண்டு என் பாட்டைத் துடைத்து, அதற்குக் கண்ணாடி போட்டு அனுப்புகிறீர்கள். பெண் கொடுத்தவர் மேல் கோபப்பட்டால் வயல் விளையாது என்பார்கள். விளையாமல் போகட்டும். எனக்கு வயல் கிடையாது. இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

ஜோங்கி


பாத்தாம்
22 செப்டம்பர்

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தைப் பட்டறைச் சாப்பாட்டுக் கூடத்தில் பிரித்தேன். படித்ததும் எனக்கும் கோபம் வந்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், பதிலுக்கு நாலு வார்த்தை மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன். சாயங்காலம் மறுபடி படித்தேன். அந்த நாலு வார்த்தையும் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஊரில் என்னை யாராவது திட்டி எத்தனையோ வருடமாகிறது. பணம் அனுப்புகிறவனை யாரும் திட்டுவதில்லை. வந்தால் நடுப்பாயில் உட்காரவைத்து, நல்ல கறித்துண்டை என் இலையில் வைத்து, பேசும்போது குரலைத் தாழ்த்தி, படகு வரும் நேரத்தை நினைவுபடுத்தி அனுப்பிவைக்கிறார்கள். சொந்த ஊரில் விருந்தாளியாகிவிட்டேன். விருந்தாளி வெறுங்கையோடு இருக்க முடியாதே. அதனால்தான் எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கிறேன். உங்கள் கடிதம் சுட்டது. ஆனால் அது வீட்டு மனுஷனுக்கு எழுதியது மாதிரி இருந்தது.

வேலையைச் சொல்கிறேன். சிஸ்டத்தை மாற்றுவதற்கு முன்னால் உங்கள் ஃபைல்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். அதை மறந்து இங்கே என் துணிப்பெட்டிக்கடியில் போட்டிருந்தேன். இங்கே சந்தைத் தெருவில் கடை வைத்திருக்கும் நண்பனிடம் இன்னும் பழைய சிஸ்டம் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதில் போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் அத்தனையும் வந்து நின்றன. சிரிக்காதீர்கள், மியூசியம் என்று சொன்ன வாயால்தான் அந்தக் கம்ப்யூட்டருக்கு நன்றி சொன்னேன். பிரதிகள் இதோடு இருக்கின்றன. வெறும் காகிதம், பென்சில் பிடிக்கும். தியுர்மாவிடமும் மூப்பரிடமும் இதுவும் அண்ணன் அனுப்பியதுதான் என்று சொல்லுங்கள். முதலில் வந்ததைப் பின்னால் வந்தது அடிக்கும்.

ஒரு சந்தேகம். கடைசி வரியில் ஆண்களின் குரலில் ஐந்தாம் எண்ணுக்குக் கீழே இரண்டு புள்ளி இருக்கிறது. ஒரு புள்ளிதானே வைப்பீர்கள்? கை தவறிவிட்டதா? ரிஸ்மாவின் அப்பா ஒரு புள்ளிக்கே இருமுவார். இரண்டு புள்ளிக்கு இறங்க ஊரில் யார் இருக்கிறார்கள்?

மெஸ் குளியலறையில் நான் பாடிப் பார்த்தேன். இறங்கியது. தண்ணீர் மோட்டார் கெட்டுவிட்டது என்று பக்கத்து அறைக்காரன் ஓடிவந்தான்.

யாருக்காக எழுதினீர்கள் மாப்பிள்ளை?

மங்காசி


பாலிபி
29 செப்டம்பர்

மச்சான்,

காகிதங்கள் சரியான நேரத்தில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை விழாக்குழு வந்து உட்கார்ந்து கேட்டது. பெண்கள் ஏறினார்கள். ஆண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே இறங்கினார்கள். கடைசி வரி வந்ததும் அடியில் ஒன்றும் இல்லை. தூண் இல்லாத கூரையாக நின்றது. குழுத் தலைவர், "பாட்டு நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. முடியற எடத்துல மட்டும் பள்ளமா இருக்கே" என்றார். அந்த இடத்துக்கு ஆள் வர வேண்டும் என்றேன். யார் என்றார். எழுதிக் கேட்கப்போகிறேன் என்றேன். விழாவுக்கு முந்தின நாளுக்குள் ஆள் வந்தால் என் பாட்டு, வராவிட்டால் பழைய கீர்த்தனை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கை தவறவில்லை மச்சான். நான் இந்த ஊருக்கு வாத்தியாராக வந்த வருடம், கிறிஸ்துமஸ் ஆராதனையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குரல் கீழே போனது. இதற்கு மேல் இறங்காது என்று நினைத்த இடத்தையும் தாண்டிப் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யார் என்று எட்டிப் பார்த்தேன். நீங்கள் நின்றீர்கள். உங்களுக்கு முன்வரிசையில் உங்கள் தங்கை நின்றாள். முதலில் கேட்டது உங்கள் குரல். அவளைப் பார்த்தது அதற்கப்புறம்தான். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

என் சொந்தப் பாட்டு என்று ஒன்று எழுதும்போது அந்தக் குரலுக்கு ஓர் இடம் வைத்தேன். நீங்கள் வருவீர்கள் என்று நம்பி வைக்கவில்லை. மனம் கேட்கவில்லை, வைத்தேன். அதைத்தான் உங்கள் கையாலேயே துடைத்துவிட்டீர்கள். எனக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி அதற்காக.

வாருங்கள். மீன் வேண்டாம், துணி வேண்டாம். எதையும் புதிதாகப் போடவும் வேண்டாம். குரலை மட்டும் கொண்டுவாருங்கள். நடுப்பாய் கிடையாது. பின்வரிசைப் பெஞ்சு, ரிஸ்மாவின் அப்பாவுக்குப் பக்கத்தில். அவர் இருமுவார், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜோங்கி


பாத்தாம்
6 அக்டோபர்

மாப்பிள்ளை,

லீவு கேட்டேன். எதற்கு என்று மேலாளர் கேட்டார். ஊரில் ஒரு எண் பாட வேண்டும் என்றேன். பொய்க்குக்கூட ஒரு அளவு வேண்டாமா என்றார். அவர் மேசைக்கு முன்னால் நின்று பாடிக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பழைய சிஸ்டத்தின் டிஸ்க்கையும் கொண்டுவருகிறேன். இந்த முறை கேட்டுவிட்டுப் போடுகிறேன்.

மங்காசி


பாலிபி
24 அக்டோபர்

அன்புள்ள மச்சான்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகும் ஊர் உங்களைத் திட்டி முடிக்கவில்லை. பயிற்சிக்குத் தாமதமாக வந்தீர்கள் என்று மூப்பர் திட்டுகிறார். கள்ளுக்கடையில் தன் பாட்டைப் பாதியில் திருத்தினீர்கள் என்று ரிஸ்மாவின் அப்பா திட்டுகிறார். குழந்தைக்கு இனிப்பு கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று தியுர்மா திட்டுகிறாள். யாருடைய குரலும் தாழவில்லை.

கடைசி வரியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பாடுகிறவருக்குத் தெரியாது. நான் கை அசைத்துக்கொண்டு எதிரே நின்றேன், எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் என்னால் கையைச் சரியாக அசைக்க முடியவில்லை. நல்லவேளை, பாட்டு அங்கேயே முடிந்துவிட்டது.

நீங்கள் கொண்டுவந்த டிஸ்க் உறைகூடப் பிரிக்காமல் மேசை மேலேயே இருக்கிறது. உங்களுக்கு நேரமில்லை. இனி நீங்களே வந்து போட்டாலும் தியுர்மா விடப்போவதில்லை. அடுப்பு பற்றவைக்கும் முன்னால் வந்து திரையின் ஓரத்தைப் பார்க்கிறாள். "அண்ணனுக்கு இன்னிக்கி மழையாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஆகவே இந்தச் சனியன் இங்கேயே இருக்கட்டும். பொத்தான் இன்னும் நடுவில்தான் இருக்கிறது. பிரிண்டரை இன்னும் அதற்குத் தெரியாது. நேற்று மறுபடி அப்டேட் ஆகி டேட்டாவைக் குடித்தது. என் கோபம் தீரவில்லை, தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்று காலை பெட்டியைத் திறந்தேன். "வருக, மங்காசி நைங்கோலான்" என்றது. அவர் படகேறிப் போய்விட்டார் என்று அதனிடம் சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

பிறகு பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன். வேண்டுமென்றேதான். அங்கே உங்கள் போனில் மணி அடித்திருக்கும். இனி தினமும் காலையில் ஒரு முறை அடிக்கும். மெஸ்ஸில் கேட்டால் திருடன் இல்லை, மாப்பிள்ளை என்று சொல்லுங்கள். நாங்கள் எழுந்துவிட்டோம், நலமாக இருக்கிறோம்.

ஜோங்கி